யாருடைய கையெழுத்து?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் இருக்கிறது கிளியனூர். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கட்டுரைப் போட்டி வைத்து, தீர்ப்புச் சொல்ல என்னை அழைத்திருந்தார்கள். கதை எழுதுகிறவனுக்கு இம்மாதிரி அழைப்புகள் அவ்வப்போது வரும். மாலையும் காப்பியும் கிடைக்கும். மறுக்க மனம் வராது. மொத்தம் 30 கட்டுரைகள், பிள்ளைகள் வீட்டிலிருந்தே எழுதி வந்தவை. பெயரை மறைத்து, மூலையில் எண் மட்டும் போட்டுக் கொடுத்தார்கள்.

சிவப்பு மையால் மதிப்பெண்ணும் குறிப்பும் எழுதி முடித்து நிமிர்ந்தேன். தலைமையாசிரியை அம்மாள் சிரித்துக்கொண்டே ஒரு விளையாட்டுக்கு இழுத்தார்.

"கையெழுத்தைப் பார்த்தே, எது பையன் எழுதினது, எது பெண் எழுதினது என்று சொல்லிவிடுவீர்களா, சார்?"

எத்தனையோ வருஷங்களாக வாசகர் கடிதங்களைப் பிரித்துப் பழகியவன் நான். ஏன் முடியாது? தாள்களை இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்தேன். உருண்டையாக, வரி பிசகாமல் இருந்தவையெல்லாம் பெண்கள். சாய்ந்தும் சரிந்தும் ஓடியவை பையன்கள். அம்மாள் பட்டியலை எடுத்து ஒத்துப் பார்த்தார். 30-இல் 21 சரி.

இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. ஆல்பிரட் பினே என்ற பிரெஞ்சு மனத்தத்துவ அறிஞர் இதையே முறையாகச் சோதித்து 1906-இல் நூலாக எழுதியிருக்கிறார். கடித உறைகளின் மேலிருந்த விலாசங்களைக் காட்டி, எழுதியவர் ஆணா பெண்ணா என்று அவர் கேட்டார். கையெழுத்து சாஸ்திரத்தில் தேர்ந்தவர்களும் பார்த்தார்கள். சாதாரண மனிதர்களும் பார்த்தார்கள். காசைச் சுண்டிப் போட்டுச் சொல்வதைவிட இரு சாராருமே நன்றாகச் சொன்னார்கள். ஆனால் தேர்ந்தவர்கள்கூடப் பல இடங்களில் ஏமாந்தார்கள். ஆக, வித்தியாசம் என்று ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அதை நம்பி யாரையும் தூக்கில் போட முடியாது, அவ்வளவுதான்.

நான் தவறவிட்ட ஒன்பதில் ஒன்று மட்டும் என் மனத்தைக் குடைய ஆரம்பித்தது. எண் 17. கோழி கிளறியது போன்ற எழுத்து. மெய்யெழுத்துக்குப் புள்ளி பாதி இடங்களில் இல்லை. (ஓலையில் எழுதிய நம் முன்னோரும் புள்ளி வைக்காமல்தான் எழுதினார்கள், அதைப் படித்துப் பதிப்பித்தவர்கள் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.) ஆனால் கருத்து பிரமாதம். 'கையை முந்திக்கொண்டு சிந்தனை ஓடுகிறது. நல்ல வேகம்' என்று ஓரத்தில் பாராட்டி எழுதியிருந்தேன். பையன் என்று நினைத்துத்தான்.

"அது பொண்ணு, சார்" என்றார் அம்மாள்.

அந்த நிமிஷத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 'பெண்ணாகப் பிறந்தவள் கொஞ்சம் அழகாக எழுதக் கூடாதா?' என்று தோன்றியது. அதே தாள், அதே கிறுக்கல். சற்றுமுன் மேதையின் அடையாளமாகத் தெரிந்தது, இப்போது அக்கறையின்மையாகத் தெரிகிறது! மறுபக்கம், முத்து முத்தாக எழுதியிருந்த ஒரு பையனைப் பெண் அடுக்கில் வைத்திருந்தேன். கூடப் படிக்கிறவர்கள் அவனை அதற்காகவே கேலி செய்வார்களாம். நான் செய்ததும் அதே காரியந்தானே?

காரணம் தேடுகிறவர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். உடம்பிலேயே இருக்கிறது என்பது ஒரு கட்சி. தாய் வயிற்றில் இருக்கும்போதே ஹார்மோன்கள் கையெழுத்தின் போக்கைத் தீர்மானிக்கின்றனவோ என்று தேடி, சுட்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் உள்ள நீள விகிதத்தை அளந்து பார்த்த ஓர் ஆய்வு 2005-இல் வெளிவந்தது. அதைப் பற்றிப் படித்த அன்று நானும் என் விரல்களை அளந்து பார்த்துக்கொண்டேன். எல்லாம் வளர்ப்பு என்பது மற்றொரு கட்சி. பெண் குழந்தை கிறுக்கினால், 'அழித்துவிட்டு அழகாக எழுது கண்ணு' என்கிறோம். பையன் கிறுக்கினால், 'பையன்தானே' என்று விட்டுவிடுகிறோம்.

எனக்கென்று ஓர் ஊகமும் இருந்தது. நம் பெண்கள் சிறு வயதிலிருந்தே கோலம் போடுகிறார்கள். புள்ளியைச் சுற்றி வளைத்து வளைத்துப் பழகிய விரலுக்கு, வளைவே உருவான தமிழ் எழுத்து எளிதாக வந்துவிடுகிறது என்று நினைத்தேன். இந்த ஊகம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. என் அத்தையின் நினைவு வரும் வரையில்.

மார்கழி மாதம் அத்தை போடும் சிக்குக் கோலத்தைத் தெருவே நின்று பார்க்கும். இழை ஒன்றுகூடப் பிசகாது. அதே அத்தை, நிலத்தை விற்றபோது பத்திரத்தில் கைநாட்டு வைத்தாள். கட்டைவிரலில் மையைத் தடவி, குமாஸ்தா பிடித்து அழுத்தினார். வீட்டுக்கு வந்து வெகு நேரம் அந்த விரலைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கோலம் அவளுக்கு எழுத்தைக் கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டியவர்கள் என் பாட்டனாரும் ஊராரும்.

1901-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அந்தக் காலத்தில் இதே திண்டிவனம் பக்கத்து இரட்டணையில் பிறந்த அசலாம்பிகை அம்மையார், தமிழ் கற்றுக் காந்தி புராணம் பாடினார் என்றால் அது லட்சத்தில் ஒன்று. மற்றவர்களுடைய எழுத்து உருண்டையா, சாய்வா என்ற கேள்விக்கே இடமில்லை.

அந்த 1901-இல் பிறந்தவர்தான் வை. மு. கோதைநாயகி அம்மாள். பள்ளிக்கூடம் போகாதவர்; சிறு வயதிலேயே மணமானவர். மனத்தில் கதை பொங்குகிறது. எழுதக் கை பழகவில்லை. தோழி பட்டம்மாளை உட்கார வைத்துக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் எழுதினார். 'இந்திர மோகனா' என்ற அந்த நாடகம் 1924-இல் அச்சாயிற்று. பிறகு தாமே எழுதப் பழகி, 'ஜகன்மோகினி'ப் பத்திரிகையை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை அம்மாள் எழுதித் தள்ளியது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த முதல் நாடகத்தின் கையெழுத்துப் பிரதியை ஒரு நிபுணரிடம் கொடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? பட்டம்மாளின் குணங்களை விவரமாகச் சொல்லியிருப்பார்!

பரிசளிப்பு ஆரம்பமாவதற்கு முன் எண் 17-ஐ அழைத்து வரச் சொன்னேன். ஒல்லியான பெண், நெற்றியில் வியர்வை.

"இவ்வளவு நன்றாக யோசிக்கிறாயே அம்மா, கொஞ்சம் நிறுத்தி எழுதக் கூடாதா?" என்றேன்.

"அம்மா கூப்பிடறதுக்குள்ள எழுதி முடிக்கணும், சார்" என்றாள் அவள். "அடுப்பு வேலை இருக்கும். தம்பி வேற நோட்டை இழுப்பான்."

குறை சொல்லும் தொனியே அதில் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். அவள் போன பிறகு தாளை மறுபடி புரட்டினேன். கடைசி வாக்கியம் பாதியில் நின்றிருந்தது. 'முடிக்கவில்லை' என்று குறித்து அதற்காக இரண்டு மதிப்பெண் குறைத்திருந்தேன். அந்த இரண்டினால்தான் அவளுக்கு முதல் பரிசு தவறியிருந்தது.

"மாத்திக்கறீங்களா, சார்?" என்று கேட்டார் அம்மாள்.

யோசித்தேன். மற்ற 29 பேரின் வீட்டு நிலவரம் எனக்கு என்ன தெரியும்? முதல் பரிசு வாங்கப் போகிற பையன் எந்த விளக்கடியில் உட்கார்ந்து எழுதினானோ? மாற்றவில்லை. ஓரத்தில் எழுதிய பாராட்டையும் அடிக்காமல் அப்படியே விட்டேன். செய்தது நியாயந்தானா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.