அழகர் இறங்கும் தண்ணீர்

அழகர்கோயில் உற்சவருக்குத் திருமஞ்சனம் என்றால் நூபுர கங்கைத் தண்ணீர்தான். மலைமேல் ராக்காயி அம்மன் சந்நிதியில் சுரக்கும் ஊற்று அது. வேறு தண்ணீர் பட்டால் அந்த அபரஞ்சித் தங்கத் திருமேனி கறுத்துப் போகும் என்று எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். குளிப்பதில் இவ்வளவு கறாரான பெருமாள், சித்ரா பௌர்ணமிக்கு மதுரைக்கு வந்து, தங்கக் குதிரை ஏறி, வைகை அணையில் திறந்துவிட்ட தண்ணீரில் இறங்குகிறார். வழியெல்லாம் ஜனங்கள் தோல் பையில் அடைத்துப் பீய்ச்சுகிறார்களே, அது எந்தக் குழாயில் பிடித்த தண்ணீர் என்று யாரும் கேட்பதில்லை.

என் மச்சினன் கேட்டான். அவனுக்கு ஆசாரத்தில் பிடிப்பு அதிகம். "மச்சான், ஷட்டரைத் தூக்கி விட்ட தண்ணியில சாமி இறங்குனா, அது ஆத்துல இறங்குன கணக்கா? அதுவும் பாதி பெரியாத்துத் தண்ணி. வைகையே இல்ல."

பொதுப்பணித்துறையில் மதகுகளைக் கவனிக்கும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதிக காலம் இருந்தது வைகை அணைக்குக் கீழே இருக்கும் பேரணையில். திருவிழாத் தண்ணீர் அணையிலிருந்து புறப்பட்டுவிட்டது என்று தகவல் வந்தால், வாய்க்கால் பக்கம் திரும்பாமல் அதை ஆற்றிலேயே போக விடுவது எங்கள் பொறுப்பு. சாமிக்குத் தண்ணீர் விட்ட கை என்று ஊரில் எனக்கு ஒரு மரியாதையும் உண்டு. ஆகவே இந்தக் கேள்வியைச் சும்மா விட முடியவில்லை.

அவன் சொன்ன கணக்கு தப்பில்லை. வைகை வருசநாட்டு மலையில், வெள்ளிமலைக் காட்டில் பிறக்கிறது. கிழக்குக் கடலை நோக்கிப் போக வேண்டிய ஆறு முதலில் வடக்கே கிளம்புகிறது. வாலிப்பாறை, வருசநாடு, கடமலைக்குண்டு என்று பள்ளத்தாக்கு வழியே இறங்கிப் போய், தேனியை நெருங்கிய பிறகுதான் கிழக்கே திரும்புகிறது. இந்தப் பகுதியை மூல வைகை என்போம். மலைக்கு மேற்கே கொட்டும் தென்மேற்குப் பருவமழை நம் பக்கச் சரிவுக்கு அவ்வளவாகக் கிடைப்பதில்லை. ஐப்பசி கார்த்திகையில் மூல வைகை புரண்டு வரும். பங்குனியில் போய்ப் பார்த்தால் பாறைதான். சோலைக்காடும் மேலே புல்வெளியும் பிடித்து வைத்துக் கசிய விடுவது எவ்வளவோ அவ்வளவுதான் கோடையில் ஓடும். அந்தக் காட்டில் பெரும்பகுதி 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாயிற்று. புலிக்காக என்று பேர். வைகைக்காகவும்தான்.

அப்படியானால் சித்திரையில் அணையில் கிடக்கும் தண்ணீரில் பெரும்பங்கு யாருடையது? பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் சேரும் ஆறு. அதை 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை மறித்தது. அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் இறங்கி, லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுத்துக் கொடுத்து, கம்பம் பள்ளத்தாக்கை நனைத்து, தேனிக்குக் கிழக்கே வைகையோடு சேருகிறது. 1959இல் திறந்த வைகை அணை இரண்டையும் ஒன்றாகத் தேக்குகிறது. அங்கே போய் இது வருசநாட்டுத் தண்ணீர், இது பெரியாற்றுத் தண்ணீர் என்று பிரிக்க எந்தக் கேஜிலும் கோடு கிடையாது. எத்தனை அடி நிற்கிறது, எத்தனை கன அடி போகிறது என்று எழுதியிருக்கிறேனே தவிர, யாருடைய தண்ணீர் என்று எழுதியதில்லை.

ஆனால் இது உத்தியோகஸ்தன் பதில். மச்சினன் கேட்டது வேறு. தீர்த்தம் எதனால் தீர்த்தமாகிறது? பிறந்த இடத்தின் சுத்தத்தாலா?

இதற்கு அழகர் கதையே பதில் சொல்கிறது என்பது என் எண்ணம். அழகர் வைகைக்கு வருவது எதற்காக? தங்கை மீனாட்சி கல்யாணத்துக்கு என்று மதுரையில் குழந்தைகூடச் சொல்லும். கோயில் மரபு சொல்லும் காரணம் மண்டூக முனிவர். சுதபஸ் என்ற அவர் நூபுர கங்கையில் இறங்கித் தவத்தில் மூழ்கியிருந்தார். துர்வாசர் வந்தார். வந்தவரை இவர் கவனிக்கவில்லை. தவளையாகப் போ என்று சாபம். விமோசனத்துக்கு என்ன வழி? வைகைக் கரையில் போய்க் கிட, பெருமாள் அங்கே வருவார்.

இடத்தைக் கவனியுங்கள். குற்றம் நடந்தது அந்தக் கலப்பில்லாத ஊற்றில். அதில் மூழ்கியவருக்குக் கரையில் நின்ற மனிதர் கண்ணில் படவில்லை. மீட்சி கிடைத்ததோ மாடு குளிக்கிற, துணி துவைக்கிற, ஊரெல்லாம் இறங்குகிற ஆற்றில். தன்னைக் குளிப்பாட்ட மலை ஊற்றையே கேட்கிற பெருமாள், அடுத்தவனை மீட்க மட்டும் கீழே இறங்கி வருகிறார். கள்ளழகருக்கு வைகை தீர்த்தமாவது அங்கே ஒருத்தன் காத்துக் கிடக்கிறான் என்பதால். தண்ணீர் எந்த மலையில் பிறந்தது என்பதை அந்தத் தவளை கேட்டிருக்காது.

புட்டுக்கு மண் சுமந்த கதையும் இதே கரைதான். கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் என்று பாண்டியன் கட்டளையிட்டபோது, ஆளில்லாத வந்திக் கிழவிக்காகச் சொக்கன் கூலியாளாக வந்து பிரம்படி பட்டான். வைகையைப் பற்றிய நம் கதைகளில் தெய்வங்கள் சுத்தமாக நின்றதே இல்லை.

இதை மச்சினனிடம் சொன்னபோது அவன் விட்டுக்கொடுக்கவில்லை. "அப்ப தண்ணியே இல்லாட்டியும் சரிதானா மச்சான்? மணல்ல இறங்குனாலும் தீர்த்தம்தானா?"

கெட்டிக்காரன். இது முதல் கேள்வியைவிடப் பெரியது. இதற்கு என் பதில் பாதிதான் தேறும். பெருமாள் மணலில் இறங்கினாலும் அவர் இறங்கியதில் குறையில்லை. குறை நம்முடையது. ஆற்றின் படுகை நாம் கொடுக்க வேண்டிய விருந்து. சாமியை அழைத்துவிட்டு இலை போடாமல் நிற்கிறோம். மேலே காட்டை அழித்து, கீழே மணலையும் அள்ளி, நடுவில் நகரத்துச் சாக்கடையைத் திருப்பிவிட்டு, திருவிழாவுக்கு மட்டும் மதகைத் திறப்பது பக்திக் கணக்கில் வருமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. திறந்தவன் நான் என்பதால் சொல்கிறேன்.

மதுரைக்குக் கீழேயும் அழகர் இறங்குகிறார். மானாமதுரையில் வீர அழகர், பரமக்குடியில் சுந்தரராஜப் பெருமாள், இருவரும் இதே வைகையில்தான். பல வருஷம் அங்கே வெறும் மணல். பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாமா என்று 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் முதலில் யோசித்ததுகூட அந்தக் கடைமடைச் சீமைக்காரர்தான்: ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. ஆளனுப்பி மலையைப் பார்த்துவரச் செய்தார். செலவுக்குப் பணம் போதாமல் விட்டுவிட்டார்கள். பிறகு அணை வந்து நூறு வருஷத்துக்கு மேலாயிற்று. வயல்கள் நிறைய நனைந்தன. ஆனால் கேட்டவர் ஊருக்கு இன்றும் முறை கடைசியில்தான்.

அடுத்த சித்திரைக்கு மச்சினனைப் பரமக்குடிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். எது வைகைத் தண்ணீர் என்று அந்த ஊர்க்காரர்களிடம் அவனே கேட்கட்டும்.