விளக்கா, விளக்கமா?

கதிரவன் காணிக்கை கேட்பதில்லை. மாளிகைக்கு ஓர் ஒளி, மண்குடிசைக்கு ஓர் ஒளி என்று பிரித்து வழங்குவதுமில்லை. எனினும், அந்தி சாய்ந்தபின் ஒரு பள்ளியில் ஒளியும் மற்றொரு பள்ளியில் இருளும் குடியிருக்கக் காண்கிறோம். இவ்வேற்றுமையை இயற்கை செய்யவில்லை, மனிதர் செய்தனர். ஆகவே, மனிதரே அதை மாற்றவும் முடியும்.

மாற்றுவதற்கான கருவி கைவசம் இருக்கிறது. ஒளி பட்டால் மின்சாரம் பிறக்கும் விந்தையை 1839-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் எட்மண்ட் பெக்கரல் கண்டறிந்தார். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார், நடைமுறைக்கு ஏற்ற சிலிக்கன் சூரிய மின்கலத்தை உலகுக்குக் காட்டினர். மின்கம்பம் எட்டாத சிற்றூரிலும், பள்ளிக் கூரையில் தகடு பதித்து, பகலில் பிறக்கும் மின்சாரத்தைப் பாட்டரியில் சேமித்து, இரவில் விளக்கேற்றலாம்.

தகடு வாங்கித் தந்துவிட்டால் கடமை முடிந்ததா? இதுதான் நாம் எழுப்பும் கேள்வி.

விழா நடக்கிறது, விளக்கு எரிகிறது, வள்ளல் விடைபெறுகிறார். பிறகு? தகட்டின்மேல் தூசு படிகிறது. பாட்டரியில் நீர் வற்றுகிறது. ஓர் இணைப்பு அறுகிறது. எங்கு அறுந்தது என்று அறிந்தவர் ஊரில் எவருமில்லை. இருள் திரும்புகிறது. அதனினும் கொடிது, 'இது நமக்கு எட்டாத வித்தை' என்ற எண்ணம் பிள்ளைகள் உள்ளத்தில் குடியேறுவது! விளங்காத கருவி வணங்கப்படும். விளங்கிய கருவியே பயன்படும்.

"படிப்பறியாதவர்க்கு மின்னியல் விளங்குமோ?" என்று ஏளனம் பேசுவோர் உண்டு. அவர்கள் ராஜஸ்தானத்தில், அஜ்மீர் மாவட்டத்துத் திலோனியாவின் வரலாற்றைக் கேட்கட்டும். பங்கர் ராய் 1972-இல் அங்கு தொடங்கிய நிறுவனம் 'வெறுங்கால் கல்லூரி' எனும் பொருள்பட ஆங்கிலப் பெயர் பெற்றது. பகலெல்லாம் ஆடுமாடு மேய்க்கும் சிறுவர் சிறுமியர்க்கு அது இரவுப் பள்ளிகள் நடத்தியது. சூரிய விளக்கொளியில் பாடம் நடந்தது. எழுத்தறியாத பெண்கள், பேரப்பிள்ளைகள் கண்ட பாட்டிமார் உட்பட, சூரிய விளக்கைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் அங்கே பயின்றனர். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் பெண்கள் வந்தனர். அவர்களுக்குள் பொதுமொழி இல்லை. நிறமும் சைகையும் கைப்பழக்கமுமே மொழியாயின. ஏறத்தாழ ஆறு திங்களில் தொழில் கற்று, தத்தம் ஊருக்கு ஒளியோடு திரும்பினர். அறிவு பிறப்பால் வருவதன்று. பட்டத்தால் மட்டும் வருவதுமன்று. வாய்ப்பு கிடைத்த இடமெல்லாம் அது முளைக்கும்.

"முதலில் விளக்கு வரட்டும், விளக்கம் பிறகு வரட்டும்" என்பாரும் உளர். படிக்கும் பிள்ளையைக் காக்க வைக்க நாமும் விரும்பவில்லை. விளக்கு இன்றே எரியட்டும். ஆனால் 'பிறகு' என்று ஒத்திவைத்தது ஏழைக்கு எப்போது வந்து சேர்ந்தது?

ஆதலால் கேட்கிறோம்: தகட்டுக்குப் பணம் ஒதுக்கும்போதே, அதைப் பேணக் கற்பிக்கவும் பணம் ஒதுக்குக. ஒவ்வோர் ஊரிலும் இருவரேனும் அத்தொழில் அறிந்திருக்கட்டும். அவருள் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். கூரைமேல் உள்ள தகடே வகுப்பறைப் பாடமாகட்டும்.

இளைஞர்களே! பிறர் தயவில் எரியும் விளக்கு சலுகை. தாமே பேணி எரிக்கும் விளக்கு உரிமை. சலுகையை ஏற்றி வைத்துவிட்டுக் கைதட்டிக் கலைவதா, உரிமையைக் கற்பித்துவிட்டுத் திரும்புவதா? முடிவு செய்யுங்கள்.