ஆய்வு தொழுவம் வரை வந்து சேரட்டும்

ஓர் உயிரினம் ஏன் அழிகிறது என்று தெரியாத காலத்தில் கைகட்டி நின்றால் அதை மன்னிக்கலாம். காரணம் தெரிந்து, மாற்றுவழியும் கையில் இருந்து, அப்போதும் அழியவிட்டால் அது அறம் பிறழ்ந்த செயல். பாறுக் கழுகுகளுக்கு நாம் இழைத்தது இதைத்தான். இன்னும் முழுதாக நிறுத்தவில்லை.

1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் மிஞ்சியது. தொற்றுநோயாக இருக்கும் என்று பலரும் நினைத்தார்கள். பாகிஸ்தானில் ஆராய்ந்த லிண்ட்சே ஓக்ஸ் குழு 2004-இல் உண்மையைச் சொன்னது: மடிவீக்கத்துக்கும் காய்ச்சலுக்கும் மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி ஊசிதான் காரணம். ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் இறந்துபோனால், அந்த இறைச்சியைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழக்கிறது. வெளியேற வழியில்லாத யூரிக் அமிலம் ஈரல்மீதும் இதயத்தின்மீதும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படிகிறது. சில நாட்களில் சாவு. நூறு மாட்டுச் சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் நஞ்சு இருந்தாலே இவ்வளவு பெரிய அழிவு நேரும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஒரே சடலத்தில் ஒரு கூட்டமே இறங்கி உண்ணும் பறவை அது.

அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2006-இல் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டில், மெலாக்சிகாம் என்ற மாற்று வலிநிவாரணி பாறுகளுக்குத் தீங்கற்றது என்ற ஆய்வும் வெளிவந்தது. ஆனால் மனிதருக்கான டைக்ளோஃபெனாக்கின் பெரிய குப்பிகள் மருந்துக்கடையில் தாராளமாகக் கிடைத்தன. அவையே மாட்டுக்கும் போயின. அந்தக் குப்பியை 3 மில்லிக்குச் சுருக்க 2015 வரை காத்திருந்தோம். கீட்டோபுரோஃபென் என்ற வலிநிவாரணியும் பாறுகளைக் கொல்லும் என்று 2010-வாக்கிலேயே தெரியும். அசெக்ளோஃபெனாக் என்ற இன்னொரு மருந்து மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது என்பதும் தெரிந்ததுதான். இரண்டையும் கால்நடைக்குத் தடை செய்தது 2023-இல். ஒரு பாறு இணை ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். அந்தக் குஞ்சு இனப்பெருக்கத்துக்குத் தயாராக ஐந்தாண்டு ஆகும். நாம் கோப்புகளை நகர்த்தும் வேகத்துக்கு அந்த இனத்தால் ஈடுகொடுக்க முடியாது.

இது பறவைப் பிரியர்களின் கவலை மட்டும் என்று யாரும் ஒதுங்க வேண்டாம். பாறுகள் இல்லாத ஊர்களில் சடலங்கள் அழுகின, நீர் கெட்டது, தெருநாய்கள் பெருகின. 2000 முதல் 2005 வரை இதனால் கூடுதலாக ஐந்து லட்சம் மனித உயிர்கள் போயிருக்கும் என்று இயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிடுகிறது.

நம் பொறுப்பில் இன்னும் ஒரு புகலிடம் இருக்கிறது. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில், ஆற்றங்கரை நீர்மருதுகளில் வெண்முதுகுப் பாறுகள் இன்றும் கூடு கட்டுகின்றன. அவற்றின் உயிர் ஆய்விதழ்களின் கையில் இல்லை. அக்கம்பக்கத்து ஊர்களில் மாட்டுக்கு எந்த ஊசி ஏறுகிறது என்பதில் இருக்கிறது.

ஆகவே ஆய்வாளர்களே, கட்டுரை அச்சானதோடு கடமை முடிந்தது என்று எண்ணாதீர்கள். எந்த மருந்து கொல்லும், எது கொல்லாது என்பதை ஒரே பக்கத்தில், தமிழில், மருந்துகளின் விற்பனைப் பெயரோடு எழுதிக் கால்நடை மருந்தகத்தின் சுவரில் ஒட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய்ப் பேசுங்கள். அங்கே எழும் கேள்விகளை அடுத்த ஆய்வாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கால்நடை மருத்துவர்களே, மெலாக்சிகாமும் டோல்ஃபெனாமிக் அமிலமும் இருக்கும்போது வேறு வலிநிவாரணியை ஏன் எடுக்க வேண்டும்? மருந்துக்கடைக்காரர்களே, மாட்டுக்கு என்று கேட்டு வருபவருக்கு மனித ஊசி மருந்தைக் கொடுக்காதீர்கள். மாடு வளர்ப்பவர்களே, ஊசி போடுமுன் மருந்தின் பெயரைக் கேளுங்கள். சிகிச்சையில் இருந்தபோது இறந்த மாட்டைக் காட்டோரம் போடாமல் ஆழப் புதையுங்கள். புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்தால் ஆத்திரத்தில் சடலத்துக்கு விஷம் வைக்காதீர்கள். அது முதலில் பாறுகளைத்தான் கொல்லும். வனத்துறையினரே, அந்த ஆத்திரம் எழாதபடி இழப்பீட்டைத் தாமதமின்றிக் கொடுங்கள். காட்டுக்குள் இயற்கையாக இறந்த விலங்கை, நோய் அச்சம் இல்லாதபோது, பாறுகளுக்கே விட்டுவிடுங்கள்.

அரசுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே. ஒரு மருந்து கொல்கிறது என்று ஆய்வாளர் நிரூபிக்கும்வரை விற்கவிட்டு, நிரூபித்த பின்னும் பதின்மூன்று ஆண்டு காத்திருக்கும் வழக்கம் இனி வேண்டாம். மாட்டுக்குப் போடும் எந்தப் புதிய வலிநிவாரணியும், பாறுக்குத் தீங்கற்றது என்று சோதித்துத் தெளிந்த பிறகே சந்தைக்கு வரட்டும். சோதிக்கும் செலவை விற்பவர் ஏற்கட்டும். அறிந்தவர் சொல்லவும், கேட்டவர் உடனே செய்யவும் தவறினால், ஆய்வுக்கு நாம் செலவிட்ட ஒவ்வொரு ரூபாயும் வீண். இந்த வாரமே உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குப் போய், அங்கே எந்த வலிநிவாரணி இருக்கிறது என்று கேளுங்கள்.