நோயாளி கொடுக்கலாம், நாம் எடுக்கலாமா?

தெஹிவளையில் ஒரு வீட்டில் செங்கமாரி வந்தால் என்ன நடக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். எண்ணெயும் கொழுப்பும் விலக்கப்படும், கீழ்காய்நெல்லி தேடப்படும். நோயாளிக்கு நித்திரை இல்லையே என்று இரங்கி, வீட்டிலுள்ள நித்திரைக் குளிசையொன்றை யாராவது கொடுத்துவிடுவதும் உண்டு. அது ஆபத்து. அத்தகைய மருந்துகளில் பலவற்றைச் சிதைப்பது ஈரலே. ஈரல் தளர்ந்தால் மருந்து உடலில் தங்கும், மயக்கம் நீளும்.

இதை எவ்வாறு அறிந்தோம்? ஈரல் நோயாளருக்கு டயசிபாம் மருந்தைக் கொடுத்து, அது இரத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறதென அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து 1975இல் வெளியிட்டனர். ஈரல் சுருங்கியவர்களில் அது இரு மடங்குக்கு மேல் நீடித்தது. அம்மருந்து அவர்களைக் குணப்படுத்தக் கொடுக்கப்பட்டதன்று. அதன் பலன் நமக்கே.

அப்படியானால், ஒருவரின் உடலைப் பிறர் நன்மைக்காகப் பயன்படுத்தலாமா? அவரே அறிந்து, மனமுவந்து கொடுத்தால் அது இரத்ததானம் போன்ற ஈகை. அவரிடமிருந்து எடுத்தால் அது களவு.

நியூயோர்க்கின் வில்லோபுறூக் அரசாங்க விடுதியில், 1956 முதல் வைத்தியர் சோல் குரூக்மன் குழுவினர் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு ஈரல் அழற்சிக் கிருமியை வேண்டுமென்றே செலுத்தினர். எப்படியும் அங்கு அந்நோய் தொற்றத்தானே போகிறது என்றனர். பெற்றோர் கையொப்பமிட்டது மெய். ஆனால் 1964இல் விடுதி நிரம்பிச் சாதாரண அனுமதி நின்றபின்னும் ஆய்வுப் பகுதியில் இடமிருந்தது. வேறு வழியற்ற தாய் இட்ட கையொப்பம் சம்மதமாகுமா?

அந்நோயில் இரு வகை உண்டென்பதை 1967இல் அவர்கள் காட்டினர். பலன் பெரிதுதான். ஆயினும் நல்ல பலன் தீய வழியை நல்லதாக்காது. நோய் தொற்றுமென்று அறிந்தவரின் கடமை தொற்றைத் தடுப்பதே. மனிதன் சமுதாயத்தின் பயனுக்கான வெறும் உறுப்பு அல்லன் என்று பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1952இலேயே மருத்துவ ஆய்வாளருக்கு எடுத்துரைத்தார்.

நாளை ஆஸ்பத்திரியில் உங்களிடம் ஆய்வுக்குச் சம்மதம் கேட்கலாம். பயந்து மறுக்கவும் வேண்டாம். பயந்து இணங்கவும் வேண்டாம். எதற்காக, என்ன ஆபத்து, மறுத்தால் வைத்தியம் குறையுமா என்று கேளுங்கள். வாய்திறக்க இயலாத பிள்ளைக்காகவோ முதிய தாய்க்காகவோ கையொப்பமிடும்போது இருமடங்கு கேளுங்கள். அங்கே நாம் கொடுப்பது நம்முடைய உடலை அல்லவே.