புறங்கைத் தேன்

“தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமலா இருப்பான்?”

ஊர்ப் பொதுப்பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், இந்தப் பழமொழி ஓடிவந்து முன்னே நிற்கும். திண்ணையிலும் தேநீர்க்கடையிலும் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். சினந்து சொன்னவரை நான் கண்டதில்லை. வழக்கும் அதுவே, வாதமும் அதுவே, விடுதலைத் தீர்ப்பும் அதுவே! நக்கியவனுக்கு நாணமில்லை, பார்த்தவனுக்குப் பதற்றமில்லை.

தோழர்களே, அந்தத் தேன் யாருடையது என்று ஒருமுறையேனும் கேட்டோமா?

சந்தையில் ஒருவன் பையை இன்னொருவன் அறுத்தால், “ஐயோ, என் பணம்!” என்று கதற ஓர் ஆள் உண்டு. கூட்டம் கூடும், கள்வன் முதுகில் நாலு அடி விழும். ஊராட்சிக்குத் தெருவிளக்கு வாங்கியதில் பத்தாயிரம் பறிபோனால் கதற யார் உளர்? வீட்டுவரி கட்டிய விதவையும், தீப்பெட்டிக்குக் கொடுத்த விலையிலே வரியும் சேர்த்துக் கொடுத்த கூலிக்காரியும் பறிகொடுத்தவர்களே. ஆனால் ஒவ்வொருவர் பங்கும் காசு கணக்கிலே அடங்கிவிடுகிறது. பறிகொடுத்தோர் பல்லாயிரவர் என்பதால் பறிபோனதே தெரியவில்லை. இழந்தவன் அழவில்லை என்பதற்காகத் திருட்டு திருட்டு அல்லாமற் போகுமா? போகாது என்றே சொல்கிறேன். ஆயினும் இந்த வினாவை மற்றவர்மீது மட்டும் வீச எனக்கு உரிமையில்லை. காரணம், என் கையெழுத்து ஒன்று.

நான் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றிலே வரலாறு கற்பிப்பவன். பணியேற்ற முதல் ஆண்டில் எங்கள் பள்ளிக்கு இருபது மரப்பெஞ்சுகள் வந்து இறங்கின. எண்ணிப் பார்க்கச் சொன்னார்கள், எண்ணினேன். இருபது சரியாக இருந்தது. “நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டன” என்று எழுதியிருந்த இடத்திலே கையொப்பமிட்டேன். மரம் எது, பலகை எத்தனை அங்குலம், கால்கள் இணைந்தது ஆணியாலா திருகாலா, ஒன்றும் பார்க்கவில்லை. அடுத்த மழைக்காலத்திற்குள் ஏழு பெஞ்சுகள் கால் ஒடிந்து மூலையிலே சாய்ந்தன. பிள்ளைகள் மீண்டும் தரையிலே அமர்ந்து, மடியிலே ஏடு வைத்து எழுதினார்கள். நான் ஒரு காசும் பெறவில்லை. தேனை நக்கவில்லை, ஆனால் நக்கியவனுக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தவன் நான்!

பின்னர் அந்தக் கொள்முதல் ஆணையைத் தேடிப் படித்தேன். “மரப்பெஞ்சு – 20” என்று மட்டுமே இருந்தது. எந்த மரம் என்று சொல்லாமல் எவன் குறைந்த விலை சொல்கிறான் என்று கேட்டால், எவன் மட்டமான மரம் தருவான் என்று கேட்டதாகத்தானே பொருள்? குறைந்த விலையைப் பழிப்பவர்களை நான் ஒப்பமாட்டேன். பழி விலையிலே இல்லை. என்ன வேண்டும் என்று எழுதாமல் விட்ட வெற்றிடத்திலே இருக்கிறது. கொள்ளை பெரும்பாலும் பெட்டியைத் திறந்து நடப்பதில்லை. அந்த வெற்றிடத்திலே நடக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. சிறு தொகை வேலைகளுக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது என்பதற்காக, ஒரே சாலையை நான்கு துண்டாக்கி நான்கு சிறு வேலையாகக் காட்டுவார்கள். மூன்று ஒப்பந்தப்புள்ளிகள் வந்தன என்று கோப்பு கூறும். பெயர்கள் மூன்று, கையெழுத்துகள் மூன்று, எழுதிய பேனா ஒன்று!

சட்டம் இல்லையா? இருக்கிறது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இலேயே இயற்றப்பட்டது. விதிகள் 2000இல் வந்தன. அறிவிப்பை ஒப்பந்தப்புள்ளி இதழிலே வெளியிட வேண்டும், மதிப்பிடும் அளவுகோலை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று அது பணிக்கிறது. உள்ளாட்சிகளும் அதற்குக் கட்டுப்பட்டவையே.

சட்டத்தினும் பழையது ஒன்றையும் சொல்வேன். உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைக்காகப் புகழ்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்டவை அவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரும், அவனுடைய உறவினர் பெயரும் குடத்திலே இடத் தகுதியற்றவை என்று அதிலே விதி இருக்கிறது. நிலமும் வேதப் பயிற்சியும் உடைய அந்தணரின் சபை அது. உழுதவன் ஓலைக்கு அங்கே குடமில்லை, பெண்ணுக்கும் இல்லை. ஆகவே அதைப் பொற்காலம் என்று பாட நான் ஆயத்தமாக இல்லை. ஆனால் கணக்குக் காட்டாதவன் மீண்டும் வரக்கூடாது என்ற அந்த ஒரு விதியை, எல்லார்க்கும் ஓட்டுள்ள நம் காலம் ஏன் இவ்வளவு எளிதாக மறந்தது?

“மனிதன் மாறினாலன்றி இது மாறாது” என்பார்கள். ஒப்பமாட்டேன். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தோன்றியது. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை ஒரே இடத்திலிருந்து, திறந்த ஒப்பந்தப்புள்ளி மூலம் வாங்கும் பொறுப்பை அது ஏற்றது. ஒப்பந்தப்புள்ளிக்கு இரண்டு உறைகள். முதல் உறையிலே தகுதி, இரண்டாவதிலே விலை. தகுதியில் தேறாதவனின் விலை உறை பிரிக்கப்படுவதே இல்லை. வந்த மருந்தின் மாதிரியை, செய்தவன் பெயரை மறைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். யார் மருந்து என்று தெரியாதபோது யாருக்குச் சலுகை காட்டுவது? ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு கணக்குப் புத்தகம். தனக்குரிய தொகைக்குள் தேவையான மருந்தை மாவட்டக் கிடங்கிலிருந்து பெற்றுக்கொள்ளலாம். மாத்திரை அட்டையிலே அரசு முத்திரை, விற்பனைக்கு அன்று என்ற எழுத்து. கடை விலையோடு ஒப்பிடவே முடியாத குறைந்த விலைக்கு மருந்து கிடைத்தது. 2011இல் இராசத்தான் இதே வழியில் தனக்கொரு கழகம் அமைத்தது. அங்கே அமர்ந்திருந்தோர் தேவர்கள் அல்லர், நம்மைப்போன்ற மாந்தரே. கையை நக்க இடமில்லாமல் தேன் எடுக்கும் முறையைக் கண்டார்கள், அவ்வளவே.

பெஞ்சுக்கு அந்த முறை ஆகாதா? மரத்தின் பெயர், பலகையின் கனம், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று நான்கு வரி எழுத எந்தப் பேரறிவும் வேண்டாம். வாங்கியவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர் என்று ஆக்குவதற்கும் செலவில்லை. சரிபார்ப்பவர் என்னைப்போல் எண்ணிக்கை மட்டும் பார்ப்பவராக இருந்தால்தான் எல்லாம் வீண்.

ஒடிந்த பெஞ்சுகளைச் சென்ற வாரம் அளந்து பார்த்தேன். பலகை முக்கால் அங்குலம்கூட இல்லை. நான் ஒப்பமிட்ட பக்கத்தையும் படியெடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த கிராமசபையிலே அதைப் படிக்கப்போகிறேன். முதற்கேள்வி என் கையெழுத்தைப் பற்றித்தான் எழும், எழட்டும். இரண்டாவது கேள்வியை, இத்தனை நாள் பழமொழி சொல்லிச் சிரித்த பெரியவர்களே கேட்க வேண்டும் என்று காத்திருக்கிறேன்.