மெரிட்ல கெடச்சுதா?

எங்க பக்கம், பெரம்பலூர் அரியலூர் பக்கம், காலேஜ் சீட்டு வாங்கின பிள்ளையைப் பார்த்து ஊர் கேட்கும் முதல் கேள்வி 'என்ன படிக்கப் போற?' இல்லை. "மெரிட்ல கெடச்சுதா?" என்பதுதான். கேட்பவர் பத்தாவது தாண்டாதவராக இருக்கலாம். மக்காச்சோளக் கதிர் ஒடித்துக்கொண்டே கேட்கலாம். ஆனாலும் அந்தச் சொல் அவருக்குத் துல்லியமாகத் தெரியும். மெரிட் என்றால் காசு கொடுக்காமல். அவ்வளவுதான்.

ஒரு சொல்லை அதன் எதிர்ச்சொல்லை வைத்துப் புரிந்துகொள்வது நல்ல வழி. எங்கள் ஊரில் மெரிட்டுக்கு எதிர்ச்சொல் பேமெண்ட். மேனேஜ்மென்ட் கோட்டா, டொனேஷன் எல்லாம் அந்தப் பக்கம். கவுன்சிலிங்கில் எம்.பி.சி. இடத்திலோ எஸ்.சி. இடத்திலோ கிடைத்தாலும் அது மெரிட் சீட்டுதான். மார்க்கால் வந்தது, பணத்தால் வரவில்லை. இதே சொல் சென்னை, டெல்லியின் ஆங்கிலப் பேச்சுக்குள் நுழைந்ததும் எதிரி மாறிவிடுகிறான். அங்கே மெரிட்டுக்கு எதிரில் நிற்பது ரிசர்வேஷன். பணம் அந்தச் சண்டையில் பார்வையாளராகக்கூட இல்லை.

இந்த இரண்டாவது சண்டைக்கு வயது அதிகம். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை 1951ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. செண்பகம் துரைராஜன் வழக்கு. (மருத்துவக் கல்லூரிக்கு அவர் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது தீர்ப்பிலேயே பதிவான தகவல்.) அதே ஆண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. எழுபது வருடங்களுக்கு மேல் ஆகியும், டிவி விவாதங்களில் அதே மெரிட் அதே குரலில் பேசிக்கொண்டிருக்கிறது.

சொல்லின் பூர்வீகம் லத்தீன். 'சம்பாதிப்பது' என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. ரோமானியச் சிப்பாய் படையில் வேலை செய்து கூலியை ஈட்டுவதற்கும் அதே வினைதான். பணிக்காலம் முடித்து வெளியேறிய சிப்பாய்க்கு வைத்த பெயர்தான் இன்று ஓய்வுபெற்ற பேராசிரியர்களின் பெயர்ப்பலகையில் 'எமிரிட்டஸ்' என்று உட்கார்ந்திருக்கிறது. ஆக, ஆதியில் மெரிட் ஒரு கூலிக் கணக்கு. வேலை முடிந்தது, கூலி பாக்கி. பின்னோக்கிப் பார்க்கும் சொல். பிறகு அது சர்ச்சுக்குள் போய் கடவுளிடம் சேர்க்கும் கணக்கானது. பௌத்த நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் 'புண்ணியம்' என்ற இடத்திலும் இதையே போட்டார்கள். கோர்ட்டில் 'ஆன் மெரிட்ஸ்' என்றால் டெக்னிக்கல் காரணங்களை ஒதுக்கிவிட்டு வழக்கின் உள்ளடக்கத்தைப் பார்ப்பது. மின்சார வாரியத்தில் 'மெரிட் ஆர்டர்' என்று ஒன்று உண்டு: எந்த மின்நிலையத்தின் கரண்ட் விலை குறைவோ அதை முதலில் வாங்கு. அங்கே மலிவுதான் மெரிட்!

நாம் அட்மிஷனில் பேசும் மெரிட் இவை எதுவுமில்லை. அது முன்னோக்கிப் பார்ப்பது. இந்தப் பிள்ளை நாளைக்கு நல்ல டாக்டர் ஆவாளா? ஆனால் பேசும்போது பழைய கூலிக் கணக்கின் சூட்டையும் சேர்த்துக்கொள்கிறோம்: "அவ உழைச்சா, அவளுக்குச் சேர வேண்டியது." இவை இரண்டு வேறு கேள்விகள். ஒன்று 'முடியுமா', மற்றது 'சேர வேண்டுமா'. நன்றாக உழைத்தவருக்குக் கை நடுங்கலாம். சோம்பேறிக்கு அறுவை சிகிச்சை கைவந்த கலையாக இருக்கலாம். ஒரே சொல் இரண்டையும் ஒட்டிவிடுவதால் ஒட்டிய இடம் நம் கண்ணில் படுவதில்லை.

தமிழில் இது இன்னும் சிக்கலாகிறது. மெரிட்டுக்கு நம்மிடம் திறமை, திறன், தரம் எல்லாம் இருந்தாலும், பேப்பரிலும் மேடையிலும் முந்திக்கொண்டு வருவது 'தகுதி'. ஆங்கிலத்தில் தனித்தனியாக இருக்கும் எலிஜிபிலிட்டி, குவாலிஃபிகேஷன், ஃபிட்னஸ், மெரிட் நான்குக்கும் நாம் இந்த ஒரே சொல்லைத்தான் அனுப்புகிறோம். நீட் தேர்வின் பெயரில் இருப்பது எலிஜிபிலிட்டி, அதாவது உள்ளே நுழைய அனுமதி உண்டா இல்லையா என்ற எளிய விஷயம். தமிழில் அது 'தகுதி காண் தேர்வு' ஆகிறது. தேர்வில் நிற்காத பிள்ளை வீட்டுக்கு என்ன செய்தி கொண்டுபோகிறது? 'எனக்குத் தகுதி இல்லை.' இந்த வாக்கியத்தை ஆங்கிலத்துக்குத் திருப்பினால் 'நான் எலிஜிபிள் இல்லை' என்றும் வரும், 'நான் இதற்கு அருகதையற்றவள்' என்றும் வரும். தமிழ்க் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும்.

அதோடு முடியவில்லை. ஊர்ப் பேச்சில் தகுதிக்கு வேறொரு வாழ்க்கை இருக்கிறது. "தகுதிக்கு மீறி ஆசைப்படாத." "அவங்க தகுதி என்ன, நம்ம தகுதி என்ன?" கல்யாணப் பேச்சில் "நம்ம தகுதிக்கு ஏத்த எடமா பாருங்க மாமா" என்று சொன்னால் யாரும் மார்க் ஷீட்டை எடுத்து வருவதில்லை. நிலம், வீடு, சாதி, யார் வீட்டு வாசலில் யார் எங்கே நிற்கலாம் என்பதுதான் அங்கே தகுதி. மெரிட்டைத் தமிழாக்கி கிராமத்துக்குள் அனுப்பியபோது, ஏற்கெனவே இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த சொல்லின் தோளில் அதை ஏற்றிவிட்டோம். தலைமுறை தலைமுறையாகத் தகுதியைப் பற்றிக் கேட்டு வளர்ந்த வீட்டுப் பிள்ளைக்கு, 'தகுதி பெறவில்லை' என்று கம்ப்யூட்டர் திரை சொல்வது எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு சின்ன விலகல். 2023 செப்டம்பரில் தமிழக அரசு மகளிர் உரிமைத் தொகை கொடுக்கத் தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய், 'தகுதி வாய்ந்த' குடும்பத் தலைவிகளுக்கு. அங்கே தகுதி என்றால் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், கார் இருக்கக் கூடாது, நிலம் இவ்வளவுக்கு மேல் கூடாது. அதாவது ஏழ்மைதான் தகுதி! அம்மாவை ஆயிரம் ரூபாய்க்குத் தகுதியாக்கிய அதே ஏழ்மை, மகளை டாக்டர் சீட்டுக்குத் தகுதியில்லாமல் ஆக்குகிறது. அன்று மீம்ஸ் போட்டவர்கள் அந்தத் 'தகுதி வாய்ந்த'வைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு என்னவோ அது அந்தச் சொல்லின் நேர்மையான பயன்பாடாகவே பட்டது. அது எதற்குத் தகுதி என்று சொல்லிவிட்டு, அளவுகோலையும் வெளியே வைத்தது.

இனி அனிதா. அரியலூர் மாவட்டம் குழுமூர். அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். 2017 பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 1200க்கு 1176. இயற்பியல் 200, வேதியியல் 199, உயிரியல் 194. தமிழ்நாட்டின் பழைய கணக்குப்படி உயிரியலை நூறுக்கும் மற்ற இரண்டையும் ஐம்பது ஐம்பதுக்கும் சுருக்கினால் மருத்துவ கட்ஆஃப் 200க்கு 196.75. நீட்டில் அவர் எடுத்தது 720க்கு 86. அந்த வருடம் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவுகளுக்கான தகுதி மதிப்பெண் 107. விலக்கு வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே கோடை போனது. ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் நீட் அடிப்படையில்தான் சேர்க்கை என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கில் தன்னையும் சேர்த்துக்கொண்டு டெல்லி வரை போன பெண், செப்டம்பர் 1 அன்று இறந்துபோனார்.

ஒரு மரணத்தை வாதத்துக்குச் சாட்சியாகக் கூப்பிடுவதில் எனக்குக் கூச்சம் உண்டு. ஒரு உயிர் போவதற்கு ஒரே காரணம் என்று எழுதுவதும் தப்பு. ஆனால் அந்த இரண்டு எண்களைப் பேசாமல் எங்கள் மாவட்டத்தில் இந்தச் சொல்லைப் பேச முடியாது. 1176, 86. ஒரே ஆள், ஒரே மூளை, ஒரே வருடம். இதில் எது அவருடைய தகுதி? அன்று சிலர் 86தான் உண்மையைக் காட்டியது, 1176 மனப்பாடம் என்றார்கள். வேறு சிலர் நேர்மாறாகச் சொன்னார்கள். இரு தரப்பும் ஒன்றில் உடன்பட்டார்கள்: உள்ளே தகுதி என்று ஒரு பொருள் இருக்கிறது, எந்தத் தராசு அதைச் சரியாக நிறுத்தது என்பதுதான் கேள்வி. எனக்கு அந்த உடன்பாட்டில்தான் சந்தேகம்.

107 என்ற எண் எங்கிருந்து வந்தது? டாக்டருக்கு இவ்வளவாவது தெரிந்திருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் உட்கார்ந்து போட்ட கோடு அல்ல அது. நாற்பதாவது பர்சன்டைல், தேர்வு எழுதியவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் உங்களுக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற கணக்கு. எல்லோரும் இன்னும் மோசமாக எழுதியிருந்தால் 86ம் தகுதியாகியிருக்கும். 2023 செப்டம்பரில் முதுநிலை நீட்டுக்கு மத்திய சுகாதாரத் துறை இந்தக் கோட்டைப் பூஜ்ஜியத்துக்கு இறக்கியது. காலி இடங்கள் நிரம்பவில்லை என்பதுதான் காரணம். பரீட்சைக்குப் போய் உட்கார்ந்தவர், மைனஸில் மார்க் வாங்கியவர், எல்லோரும் தகுதி பெற்றவர்கள். முதல் நாள் வரை இல்லாத தகுதி ஒரே அறிவிப்பில் முளைத்துவிட்டது. ஆள் மாறவில்லை, அறிவு மாறவில்லை. காலி நாற்காலிகளின் எண்ணிக்கைதான் பேசியது.

எதிர்வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நீட்டுக்கு முன் தனியார் மருத்துவக் கல்லூரிகளில் கேபிடேஷன் ஃபீஸ் எப்படி ஓடியது என்பது எல்லோருக்கும் தெரியும். வயிற்றைக் கிழிக்கப்போகும் ஆள் ஏதோ ஒரு வடிகட்டியைத் தாண்டி வந்திருக்க வேண்டும் என்று நோயாளி எதிர்பார்ப்பதில் தவறே இல்லை. பிளஸ் டூ மார்க் மட்டும் என்ன, வானத்திலிருந்து இறங்கிய தராசா? 2023ல் பத்தாம் வகுப்பு தேர்ச்சி விகிதத்தில் பெரம்பலூர் மாநில முதலிடம், 2025ல் பன்னிரண்டாம் வகுப்பில் அரியலூர் முதலிடம். பின்தங்கிய மாவட்டங்கள் என்று பெயர் வாங்கிய எங்களுக்கு அதில் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமைக்குப் பின்னால் அரையாண்டுக்கு முன்பே பாடத்தை முடித்து, ப்ளூபிரிண்ட் பார்த்து, எழுதிய பரீட்சையையே திரும்பத் திரும்ப எழுதிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். எல்லாத் தேர்வும் அந்தத் தேர்வுக்கான தயாரிப்பைத்தான் முதலில் அளக்கிறது.

எனவே என் பிரச்சினை தேர்வோடு இல்லை, தேர்வின் முடிவுக்கு நாம் வைக்கும் பெயரோடு. நூறு இடம், பத்தாயிரம் பேர் என்றால் எப்படியாவது வரிசைப்படுத்தித்தான் ஆக வேண்டும். 'வரிசை' என்றே சொல்லுங்கள். இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் 'தரவரிசைப் பட்டியல்' என்கிறார்கள். அதில் 'தர'த்தை எடுத்துவிட்டால்கூடப் பட்டியல் வேலை செய்யும்.

நீட்டின் வரிசையில் முன்னால் நிற்க என்ன தேவைப்பட்டது என்று பார்த்தால், எங்கள் ஊர்க் கேள்விக்கே திரும்ப வர வேண்டியிருக்கிறது. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021ல் கொடுத்த அறிக்கை, தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களில் இரண்டாவது, மூன்றாவது முறை எழுதியவர்கள் எழுபது சதவீதத்தைத் தாண்டிவிட்டதைக் காட்டியது. ஒரு வருடம் சம்பாதிக்காமல் வீட்டில் உட்கார்ந்து, கோச்சிங்குக்குப் பணம் கட்டித் திரும்ப எழுத எந்த வீட்டால் முடியும்? பேமெண்ட் ஒழியவில்லை. காலேஜ் கவுண்ட்டரில் கட்டியதைக் கோச்சிங் சென்டர் கவுண்ட்டரில் முன்கூட்டியே கட்டுகிறோம், ரசீதில் மட்டும் மெரிட் என்று அடித்துத் தருகிறார்கள்.

'மெரிட்டாக்ரசி' என்ற சொல்லைப் பிரபலமாக்கிய மைக்கேல் யங், 1958ல் அதைக் கிண்டலாகத்தான் எழுதினார். அறிவால் மேலே வந்தவர்கள், தாங்கள் மேலே இருப்பது நியாயம் என்றே நம்பிவிடுவார்கள், கீழே இருப்பவர்களுக்குத் தங்களைக் குறை சொல்வதைத் தவிர வேறு வழியிருக்காது என்பது அந்த எச்சரிக்கை. படித்தவர்கள் அதைப் பாராட்டுச் சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். 2001ல் டோனி பிளேர் மேடையில் அதைப் பெருமையாகச் சொல்ல, கிழவர் பேப்பரில் புலம்பினார். பாவம். பழைய ஜமீன் வீட்டுப் பிள்ளைக்காவது தாத்தா சொத்தில் சாப்பிடுகிறோம் என்று ஒரு மூலையில் உறுத்தல் இருக்கும். மெரிட்டில் வந்தவருக்கு அந்த உறுத்தலும் இல்லை.

இத்தனைக்கும் 'தகுதி' எப்போதும் இப்படி இருந்ததில்லை. திருக்குறளில் நடுவுநிலைமை என்ற அதிகாரத்தின் முதல் குறளைப் பாருங்கள். அங்கே தகுதி என்ற சொல் வருகிறது. பரிமேலழகர் அதற்குச் சொல்லும் பொருள் திறமையல்ல, அந்தஸ்தல்ல. நடுவுநிலைமை. பகை, நட்பு, அயல் என்ற எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பது. முதல்முறை இதைக் கவனித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அங்கே தகுதி அளக்கப்படுபவரிடம் தேடும் பொருளே அல்ல. அளப்பவரிடம் இருக்க வேண்டிய குணம். அதே அதிகாரத்தில் தராசு உவமையாக வருகிறது, தராசில் வைக்கப்படும் பண்டத்தைப் பற்றிப் பேச்சில்லை.

அந்தப் பொருளை இன்றைக்கு எடுத்துப் போட்டால் வாக்கியங்கள் தலைகீழாகின்றன. 'அனிதாவுக்குத் தகுதி இருந்ததா?' என்று கேட்க முடியாது. ஒரு பாடத்திட்டத்தில் இரண்டு வருடம் படிக்க வைத்துவிட்டு வேறொன்றில் கேள்வி கேட்ட தேர்வுக்குத் தகுதி இருந்ததா என்றுதான் கேட்க முடியும். ஆகஸ்ட் வரை விதி என்னவென்றே சொல்லாத அரசுகளுக்கு இருந்ததா? 2020ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது, 'தகுதி குறைஞ்சவங்களுக்குச் சலுகை' என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். பழைய பொருளில் பார்த்தால் அது பிள்ளைகளுக்குக் கொடுத்த சலுகை அல்ல. ஒரு பக்கம் சாய்ந்திருந்த தராசின் முள்ளைக் கொஞ்சம் நகர்த்தியது, அதுவும் கொஞ்சம்தான்.

2022 ஜனவரியில் அரியலூருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. வருடத்துக்கு 150 பேர். அங்கே இருக்கும் அரங்கத்துக்கு 2023ல் அனிதாவின் பெயரை வைத்தார்கள். அந்தக் கல்லூரிக்குள் நுழையும் ஒவ்வொருவரும் நீட் எழுதித் தகுதி பெற்று வந்தவர்கள்தான்.