மூச்சுக்கு என்ன விலை?

பாங்காக் போய்விட்டு வந்த மச்சினி ஒரு பை நிறைய சாமான் கொடுத்தாள். துணியில் மூட்டை கட்டிய மூலிகை ஒத்தடம், எலுமிச்சைப்புல் எண்ணெய், முகத்தில் பூசக் கடற்பாசி ஜெல். ''எல்லாம் நேச்சுரல் அத்தான். கெமிக்கலே கிடையாது!''

மூட்டையை முகர்ந்து பார்த்தேன். மஞ்சள், எலுமிச்சைப்புல், கற்பூரம், இஞ்சி ஜாதியில் ஏதோ ஒரு கிழங்கு. நம் பாட்டி கொடுத்த நொச்சி ஒத்தடத்துக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி! தாய் மசாஜை யுனெஸ்கோ 2019-ல் மனித குலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நாம் பாட்டி வைத்தியத்தைப் பரணில் சேர்த்துவிட்டோம்.

அடுத்த வாரம் ஒரு வேலையாகப் பாம்பன் போனேன். பையில் அந்த ஜெல்லும் இருந்தது. வெயில் அப்படி! கடற்கரையில் பாசி காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அக்கா, ''மூஞ்சியில என்ன தம்பி பூசுறீக?'' என்றார்.

''கடற்பாசிதான்க்கா.''

புட்டியை வாங்கித் திறந்து முகர்ந்தார். ''கவிச்சியே இல்லையே...'' என்று சிரித்தார். புட்டியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தேன். பழசும் புதுசுமாகக் கீறல்கள். நகக்கண் ஓரமெல்லாம் வெடிப்பு.

மன்னார் வளைகுடாவில் பாசி எடுப்பது பெரும்பாலும் பெண்கள்தான். படகில் தீவுப் பக்கம் போய், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்குகிறார்கள். பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைக் கையால் பறித்து, இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு மேலே வந்து மூச்சு வாங்குகிறார்கள். மறுபடி முங்கல். நாள் முழுக்க இப்படியே.

அவர்கள் எடுப்பதில் ஒன்றின் பெயர் மரிக்கொழுந்து. ஆமாம், நாம் பூவோடு சேர்த்துக் கட்டுகிற அதே பெயர்தான். தரையில் விளையும் மரிக்கொழுந்தின் எண்ணெய் வாசனைத் திரவியத்துக்குப் போகிறது. கடல் மரிக்கொழுந்திலிருந்து அகார் எடுக்கிறார்கள். கட்டக்கோரை என்ற இன்னொரு பாசி தருவது ஆல்ஜினேட். க்ரீமும் லோஷனும் தண்ணீராக ஓடாமல் கெட்டியாக நிற்பதற்கு உதவுகிற சரக்கு இது. ஒருத்தர் தோல் பளபளக்க, இன்னொருத்தர் தோல் கிழிகிறது.

நான் பி.காம். படித்தவன். காஸ்ட் ஷீட் போடாமல் எனக்கு எதுவும் புரியாது. மூலப்பொருள் இவ்வளவு, கூலி இவ்வளவு, பேக்கிங், விளம்பரம் இவ்வளவு... எல்லாவற்றுக்கும் ஒரு வரி உண்டு. அடக்கிய மூச்சை எந்த வரியில் எழுதுவது? லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். என்னென்ன 'இல்லை' என்று பெரிதாகப் போட்டிருந்தது. யார் எடுத்தது என்பதற்கு இடமில்லை.

'இயற்கையானது' என்ற ஒரு வார்த்தை கிடைத்தால் நம் மனசாட்சி நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறது. இயற்கை என்றாலே நல்லது என்று யார் சொன்னது? இதே கரையில் ஒரு கதை உண்டு. பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி ஒன்று 1990-களில் ஆராய்ச்சிக்காக மண்டபம் வந்தது. பிறகு பெப்சி நிறுவனம் அதன் வளர்ப்பில் இறங்கியது. ஊர்க்காரர்கள் வைத்த பெயரே 'பெப்சி பாசி'! மூங்கில் தெப்பத்தில் கட்டி வளர்த்த பல குடும்பங்களுக்கு அது சோறு போட்டது, உண்மை. ஆனால், குருசடைத் தீவருகே அதே பாசி பவளப்பாறைகள் மேல் படர்ந்து மூடுவதை 2008-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதுவும் நூறு சதவிகிதம் இயற்கைதான்!

அப்படியானால் இந்தப் புட்டிகளையே வாங்காமல் விட்டுவிடலாமா? அக்காவிடம் கேட்டேன்.

''நல்லாருக்கே! நீங்க வாங்காம விட்டா எங்க அடுப்பு எப்படி எரியும்?''

நியாயம்தானே? நம் குற்றவுணர்ச்சியைத் தீர்த்துக்கொள்ள அவர் பிழைப்பில் கை வைப்பது என்ன தர்மம்?

ஆனால், இன்னொன்றும் சொன்னார். ''எல்லா நாளும் போக மாட்டோம் தம்பி. வேரோட பிடுங்க மாட்டோம். விட்டுட்டு வந்தாத்தானே திரும்ப மொளைக்கும்?''

இது அவர் ஒருவரின் பேச்சு மட்டுமல்ல. இங்குள்ள 21 தீவுகளும் 1986-ல் தேசியப் பூங்கா ஆனவை. பாசி எடுக்கும் பெண்களுக்கும் வனத்துறைக்கும் நீண்ட காலம் இழுபறி. அந்த இழுபறிக்கு நடுவில்தான் அவர்கள் தாங்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது. இரும்புச் சுரண்டி கூடாது, கைதான். பாசி வளர்கிற காலத்தில் கடலுக்குப் போவதே இல்லை. இவர்களை ஒன்றுதிரட்டிய பாம்பன் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது.

போகாத நாளில் கூலி கிடையாது. அது தெரிந்தேதான் 'போதும்' என்கிறார்கள். கொஞ்சமாக இருப்பவர்கள் 'போதும்' என்கிறார்கள். நிறைய இருக்கும் நாம் என்றைக்காவது அப்படிச் சொல்லியிருக்கிறோமா?

என்னைச் சுட்டது இதுதான். தெரியாமல் வாங்கியவரை யாரும் குறை சொல்ல முடியாது. தெரிந்த பிறகு நமக்கு இரண்டு கடமைகள் வந்துவிடுகின்றன. 'யார் எடுத்தார்கள், அவர்களுக்கு என்ன கிடைத்தது' என்று கடையில் கேட்பது ஒன்று. தேவைக்கு மேல் வாங்காமல் இருப்பது இன்னொன்று. முதலாவது கொஞ்சம் சங்கடம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

இரண்டாவதை வீட்டிலேயே தொடங்கினேன். குளியலறை அலமாரியைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். பாதி தீர்ந்ததும் திறக்காததுமாகப் பதினோரு புட்டிகள். இருப்பது மூன்று முகம்!